நியூட்ரல் முனையில் வைத்த ஈயம்

மாலை நாலு பத்துக்கு எல்லாம் கெடத் தொடங்கியது. நேரம் இவ்வளவு சரியாகத் தெரிவதற்குக் காரணம் உண்டு. அன்று என் போனில் முதல் மிஸ்டு கால் நாலு பன்னிரண்டுக்கு விழுந்திருந்தது. கூப்பிட்டவர், என் மகள் மைக்செட் போடும் விசேஷங்களுக்கு ஜெனரேட்டர் கொண்டுவரும் அண்ணாச்சி. புகை வந்ததும் ஜெனரேட்டரை அணைத்து, அவளை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, கையில் தண்ணீர் ஊற்ற ஆளை நிறுத்திவிட்டுத்தான் உங்களுக்கு அடித்தேன், ரெண்டு நிமிஷம் ஆகியிருக்கும் என்று பிறகு அவர் சொன்னார். அப்படியானால் நாலு பத்து.

அந்த நேரத்தில் நான் தென்காசியில் எங்கள் பள்ளியின் இயற்பியல் ஆய்வகத்தில் இருந்தேன். பிளஸ் டூ பிள்ளைகள் செய்முறை நோட்டை முடித்துக்கொண்டிருந்தார்கள். போன் மேசை டிராயருக்குள் சத்தமில்லாமல் கிடந்தது. எடுத்துப் பார்த்தபோது நாலரை தாண்டியிருந்தது. ஏழு மிஸ்டு கால்.

"டீச்சர், பிள்ளைக்கு ஒண்ணுமில்லே" என்றுதான் அண்ணாச்சி ஆரம்பித்தார்.

முதல் வார்த்தையே அப்படி வந்தால் ஒரு தாய்க்கு என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாது. அவருக்குப் பிள்ளைகள் இல்லை.

"என்ன ஆச்சு அண்ணாச்சி?"

"ஒண்ணுமில்லேங்கேன்லா. உள்ளங்கையில சுட்டுட்டு. பிளக்கு உருகிட்டு, அவ்வளவுதான். நீங்க வண்டிய மெதுவா ஓட்டிட்டு வாங்க. சாரலு, ரோடெல்லாம் வழுக்குது."

"அவகிட்ட குடுங்க."

"பேச மாட்டேங்கா டீச்சர். சும்மா உக்காந்திருக்கா."

எந்தப் பிளக் என்று நான் கேட்கவில்லை.

என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரே பிள்ளை. எலக்ட்ரானிக்ஸ் படித்தாள், சென்னையில் இரண்டு வருடம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள், ஒரு தீபாவளிக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. தென்காசியில் கைமாறவிருந்த ஒரு சவுண்ட் சர்வீஸை எடுத்து நடத்தப்போகிறேன் என்றாள். பெட்டி இறக்க இரண்டு ஆள், ஒரு வேன், மீதி எல்லாம் அவள். கல்யாணம், பள்ளிக்கூட ஆண்டுவிழா, ஊர்க் கோயில் கொடைத் திருவிழா என்று புளியங்குடியிலிருந்து செங்கோட்டை வரைக்கும் போனாள். சொந்தக்காரர்கள் வாயை மூடவில்லை. "டீச்சர் மக மைக்செட் போடுதாளாம்லா" என்று ஒரு வளைகாப்பு வீட்டில் என் காதுபடவே பேசினார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். எனக்கு இருந்தது வேறு பயம். கரண்ட் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அறுபது ஆம்பியர் என்று யாராவது சொன்னால் மற்றவர்களுக்கு அது ஒரு எண். எனக்கு அது ஒரு உயிரை எடுக்கப் போதுமானதைப்போல எத்தனை மடங்கு என்று கணக்கு ஓடும்.

ஜெனரேட்டரிலிருந்து மேடைக்குப் பின்னால் உள்ள மின்பெட்டிக்கு ஒரு கேபிள் போகும். என் மணிக்கட்டைவிடக் கொஞ்சம் மெல்லிசு. உள்ளே ஐந்து வயர்: மூன்று பேஸ், ஒரு நியூட்ரல், ஒரு எர்த். ஒவ்வொன்றுக்குள்ளும் தலைமுடி போலச் செம்பு இழைகள். கேபிளின் முனையில் சொம்பு அளவுக்குச் சிவப்பாக ஒரு பிளக், அதில் ஐந்து பின். ஆம்ப்ளிஃபயர்கள் எல்லாம் அந்தப் பிளக்கின் வழியாகத்தான் மூச்சு விட வேண்டும். கடையில் மாட்டிக்கொடுப்பதை அவள் நம்ப மாட்டாள். எல்லாவற்றையும் வீட்டில் அவளே மாட்டினாள். நானும் கூட உட்கார்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கூடத்தில் பழைய பெட்ஷீட்டை விரிப்பாள். கேபிளை நான் இரண்டு முழங்காலுக்கும் நடுவே இடுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். அது ஒரு முரட்டு ஜீவன். சுருண்டு கிடந்து பழகியது, நேராக நிற்காது. அவள் மேல்தோலைச் சுற்றிக் கத்தியால் கீறுவாள், உள்ளே இருக்கும் வயர்களின் மேல் கத்தி படாத அளவுக்கு மட்டும். பட்டுவிட்டால் அந்தத் துண்டையே வெட்டி எறிந்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பாள். "ஒரு கீறல்தானேட்டி" என்றால், "நாளைக்கு அந்தக் கீறல்லதான் யம்மா உடையும்" என்பாள்.

முதல் முறை மாட்டியபோது ஐந்து வயரையும் ஸ்க்ரூவில் இறுக்கி, மீட்டர் வைத்துப் பார்த்து, எல்லாம் சரி என்று நிமிர்ந்தோம். பிளக்கின் பின்மூடி மின்விசிறிக்குக் கீழே தனியாக உட்கார்ந்திருந்தது. அதை முதலிலேயே கேபிளில் கோர்த்திருக்க வேண்டும். இப்போது ஐந்தையும் கழற்றாமல் அது உள்ளே போகாது.

"எஞ்சினியரும் பிஸிக்ஸ் டீச்சரும் சேந்து ஒரு மூடிய மறந்துட்டோம்" என்று மகள் பெட்ஷீட்டில் மல்லாந்து படுத்துச் சிரித்தாள். உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்த அவள் அப்பா, "இது வீடா, கரண்ட் ஆபீஸா? மனுசன் ஒரு ஞாயித்துக்கிழமை கண்ணசர வேண்டாமா?" என்றார். வீரகேரளம்புதூரில் வேலை அவருக்கு. வாரம் முழுக்க பஸ்ஸில் போய்வருகிறவர். அவர் திட்டத் திட்ட நாங்கள் சத்தமில்லாமல் சிரித்தோம்.

அவளுடைய முறைகள் எனக்கு மனப்பாடம் ஆயின. முதலில் மூடி. பிறகு தோல் சீவுவது. எர்த் வயரை மட்டும் மற்ற நாலையும்விட ஒரு விரற்கடை நீளமாக விடுவாள். யாராவது கால் தடுக்கிக் கேபிளை இழுத்து உள்ளே வயர் பிடுங்கிக்கொண்டால், மற்றவை எல்லாம் போன பிறகுதான் எர்த் போக வேண்டும். "கடைசி வரைக்கும் காவலுக்கு நிக்கட்டும்" என்பாள். ஒவ்வொரு வயரின் முனையிலும் பின் லக் என்ற சின்னச் செம்புக் குழாயை மாட்டி, இழை ஒன்றுகூட வெளியே நிற்காமல் உள்ளே தள்ளி, அதற்கென்று உள்ள பெரிய கொறட்டால் நசுக்குவாள். அந்தக் குழாயைத்தான் ஸ்க்ரூ கடிக்க வேண்டும். பிறகு ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்ப்பாள். இழுப்பது என்றால் கிணற்றில் தண்ணீர் இறைப்பதுபோல. அப்புறம் கேபிளின் மேல்தோலைக் கவ்வுகிற பட்டையை இறுக்குவாள். இழுப்பெல்லாம் தோலோடு நிற்க வேண்டும், உள்ளே இருக்கும் வயருக்குப் போகக் கூடாது. மாட்டிய பிளக்கில் முதல் நாள் ஓட்டம் முடிந்ததும் மறுபடி திறந்து, சூடு பட்டு இளகியிருக்கும் ஸ்க்ரூக்களை இன்னொரு சுற்று இறுக்குவாள்.

பயந்துகொண்டேதான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் அந்த வாரங்களில் ஞாயிறு எப்போது வரும் என்று இருந்தது. பள்ளிப் பருவம் முடிந்த பிறகு அவள் என் பக்கத்தில் இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல உட்கார்ந்தது அப்போதுதான். கை வேலையில் இருந்ததால் வாய் தானாகப் பேசியது. சென்னையில் ஏன் இருக்க முடியவில்லை என்று கேட்டால் சொல்லாதவள், ஸ்க்ரூ திருகிக்கொண்டே சொன்னாள். ஒரு பையனைப் பற்றியும் சொன்னாள். அது நடக்கவில்லை என்றும் அவளே சொன்னாள். நான் கேபிளைப் பிடித்துக்கொண்டு, தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வைகாசிக் கடைசியில் புளியங்குடிப் பக்கம் ஒரு கொடை. காலையிலேயே கிளம்ப வேண்டியிருந்தது. முந்தின நாள் மாட்டத் தொடங்கிய ஒரு பிளக் பாதியில் நின்றது. நாலு லக்தான் இருந்தது.

"ஒண்ணு குறையுது யம்மா. வரும்போது வாங்கிட்டு வாரேன். நீ அத அப்படியே வையி" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினாள்.

அன்று எனக்கு விடுமுறை. கூடத்தில் பெட்ஷீட்டின் மேல் அது கிடந்தது. நாலு வயரில் லக் மாட்டி நசுக்கியாயிற்று. ஒன்று மட்டும் இழை பிரிந்து, குளித்துவிட்டுத் தலை துவட்டாத பிள்ளைபோல நின்றது. என்னால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. இருபது வருடத்துக்கு மேலாக ஆய்வகத்தில் இழை பிரிந்த வயர்களுக்கெல்லாம் ஈயம் வைத்துச் சேர்ப்பது நான்தான். உதவியாளர் செய்தால்கூட எனக்குத் திருப்தி வராது. ஈயம் உருகி இழைகளுக்குள் இறங்கி, முனை முழுவதும் வெள்ளியாகப் பளபளக்கும்போது ஒரு காரியம் முடிந்த நிம்மதி இருக்கும். அந்த வயர்களில் ஓடுவது ஒரு ஆம்பியருக்கும் கீழே என்பதை நான் அப்போது நினைக்கவில்லை.

சும்மா செய்யவும் இல்லை. யோசித்துத்தான் செய்தேன். அதுதான் இன்னும் என்னை உறுத்துகிறது. லக் இல்லாமல் விட்டிருந்தது ஒரு பேஸ் வயர். அதில் ஈயம் வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. நியூட்ரலில் மாட்டியிருந்த லக் நசுங்கிவிட்டதால் திரும்ப வராது, அதனால் நியூட்ரலின் முனையை வெட்டி, கொறட்டால் அந்தக் குழாயைப் பக்குவமாக விரித்து எடுத்து, பேஸ் வயருக்கு மாட்டி மறுபடி நசுக்கினேன். வெறும் முனையாக நின்ற நியூட்ரலுக்கு ஈயம் வைத்தேன். மூன்று பேஸும் சமமாக இருந்தால் நியூட்ரலில் மின்னோட்டம் பூஜ்ஜியம் என்று வருடாவருடம் கரும்பலகையில் படம் போட்டு நடத்துகிறவள் நான். பூஜ்ஜியம் ஓடுகிற வயருக்கு ஈயம் போதும் என்று கணக்குப் போட்டேன். ஆம்ப்ளிஃபயர்கள் சமமாக எடுப்பதில்லை என்பதும், பாட்டு அதிர அதிர நியூட்ரலில்தான் கரண்ட் கூட்டமாக நெருக்கும் என்பதும் என் பாடப் புத்தகத்தில் இல்லை. ஐந்தையும் ஸ்க்ரூவில் இறுக்கினேன், இழுத்துப் பார்த்தேன், மீட்டர் வைத்தேன், மூடினேன்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு அவள் வந்தாள். தலையெல்லாம் தூசி. சட்டைப் பையிலிருந்து லக்கை எடுத்தவள், மூடிய பிளக்கைப் பார்த்தாள்.

"லக் கெடைச்சிட்டா?"

"பழைய டப்பாவுல ஒண்ணு கெடந்துது" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல முறை யோசித்துவிட்டேன். உண்மையைச் சொல்லியிருந்தால் அந்தக் களைப்போடு உட்கார்ந்து எல்லாவற்றையும் கழற்றுவாள். சாப்பிட மாட்டாள். அது ஒரு காரணம். இன்னொன்று, அவள் என்னைப் பார்த்து "சூப்பர் யம்மா" என்று சொல்ல வேண்டும் என்று இருந்தது. சொன்னாள்.

ஒரு மாதத்துக்கு மேல் அந்தப் பிளக் ஓடியது.

அன்று அவள் மைக்செட் போட்டிருந்த கல்யாண மண்டபம் குற்றாலத்தில் இருந்தது; அங்கே வண்டியில் போகும்போது இதெல்லாம்தான் தலைக்குள் ஓடியது. சீசன் நேரம். கார்களும் வேன்களும் வரிசையில் நின்றன. தலையில் துண்டு கட்டியவர்கள் ரோட்டின் நடுவில் நடந்தார்கள். சாரல் முகத்தில் அடித்தது. நான் ஹாரனை விடவே இல்லை. ஒரு பெரியவர், "ஏம்மா, அருவி எங்கயும் ஓடிப் போயிராது" என்றார். மண்டபத்து வாசலில் வண்டியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன்.

அவள் அங்கே இல்லை. "இப்பத்தான் அண்ணாச்சி தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாவ" என்றார் காவல்காரர். வழியில் எதிரெதிராகத் தாண்டியிருக்கிறோம். நான் பார்க்கவில்லை.

திரும்பி ஓடியிருக்க வேண்டும். ஆனால் மேடைக்குப் பின்னால் போனேன். பிளக் கருகிய வாடை இன்னும் இருந்தது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் பிளக்கை வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் உருகிக் குழைந்து, கருத்து. கேபிளின் முனை அதிலிருந்து நழுவி வெளியே கிடந்தது. நியூட்ரலின் குழியைப் பார்த்தேன். அதற்குக் கீழே, உருகிய பிளாஸ்டிக்கின் மேல், கடுகு கடுகாக வெள்ளித் துளிகள் ஒட்டியிருந்தன. பிறகு வண்டியை எடுத்தேன்.

நடந்ததை அவள் ஆஸ்பத்திரியில் சொன்னாள். வலது உள்ளங்கையில் கட்டுப் போட்டிருந்தது. மாலை வரவேற்புக்குச் சத்தம் சரிபார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். திடீரென்று இரண்டு ஆம்ப்ளிஃபயரிலிருந்து புகை. நியூட்ரல் விட்டுப்போனால் மூன்று பேஸும் தங்களுக்குள் இழுபறி போட்டுக்கொள்ளும், ஒன்றுக்கு வோல்டேஜ் ஏறிக்கொண்டே போகும். அவளுக்கு உடனே புரிந்திருக்கிறது. பிளக்கைத் தொடவில்லை. ஜெனரேட்டரை அணைக்கச் சொல்லிக் கத்தி, அது நின்ற பிறகுதான் ஓடியிருக்கிறாள். உருகிய பிளக் மேடைத் துணியின் மேல் விழப்போனது. துணி பற்றிவிடும் என்று கையால் பிடித்துவிட்டாள்.

"எல்லாம் என்னாலதான்" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன்.

"மாட்டுன பிளக்க முதல் நாள் ஓடுனதும் திறந்து திரும்ப டைட் பண்ணணும்லா. எல்லாத்தையும் பண்ணுவேன். அத மட்டும் பண்ணலை. அம்மா மாட்டுனதுன்னு விட்டுட்டேன்."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். நர்ஸ் வந்து பெயர் கேட்டார். பிறகு மருந்துக்கு ஓடினேன். பிறகு அவள் அப்பா வந்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் அவள் தூங்கிவிட்டாள். இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகலாம். நான் சொல்லவில்லை என்பதுதான் உண்மை.

கட்டுப் பிரித்த வாரம் அவள் சவுண்ட் சர்வீஸை விட்டாள். "கல்யாண வீடு யம்மா. அந்த மேடைக்குப் பின்னால பொடிப் பிள்ளைய ஓடிட்டுத் திரிஞ்சுது. என் சோலிய நான் சரியாச் செய்யலைன்னா எனக்கு இந்தச் சோலி வேண்டாம்." பெங்களூரில் வேலை தேடிக்கொண்டாள். நல்ல வேலை. ஏசி அறை. சொந்தக்காரர்கள் என்னிடம் நல்லபடியாகப் பேச ஆரம்பித்தார்கள்.

நான் ஆசைப்பட்டதும் அதுதானே. கரண்டிலிருந்து தூரமாக, பத்திரமாக. என் பொய் எனக்கு வேண்டியதைச் செய்து கொடுத்துவிட்டது. அதனால்தான் அதைத் தொட எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் வீடு அப்படியே நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் என் கை தானாகக் கூடத்து நாற்காலிகளை ஓரமாகத் தள்ளும். தள்ளிவிட்டு நிற்பேன். தூரத்தில் எங்காவது மைக்செட் கேட்டால் பாட்டைக் கேட்க மாட்டேன், இரைச்சல் இருக்கிறதா, தாழ்ந்த சத்தம் தெளிவாக வருகிறதா என்று அவளைப் போலக் காதைக் கொடுப்பேன். "இப்ப என்ன கேக்குதே?" என்பார் அவள் அப்பா. அவரும் இப்போதெல்லாம் மத்தியானம் தூங்குவதில்லை. "சத்தமே இல்லாம எப்படித் தூக்கம் வரும்?" என்று ஒரு நாள் சொல்லிவிட்டு, சொன்னதற்காக வெட்கப்பட்டவர்போல பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டார்.

அவள் தினமும் போன் பண்ணுவாள். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா. கை வேலையில்லாத பேச்சு. இரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும். தை மாதத்தில் ஒரு நாள் மட்டும் கொஞ்சம் நீண்டது. அவள் கம்பெனியில் ஏதோ விழாவாம்.

"சவுண்ட் போட வந்தவன் பிளக்க மாட்டுதான் யம்மா. மேல்தோல் வெளிய நிக்குது, பட்டை கவ்வவே இல்லே. பாத்துட்டே நின்னேன்."

"சொல்ல வேண்டியதுதானே?"

"நான் எந்த மூஞ்சிய வச்சுச் சொல்ல?"

போனை வைத்த பிறகு எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

அடுத்த வாரம் தென்காசிச் சந்தையில் ஜெனரேட்டர் அண்ணாச்சியைப் பார்த்தேன். கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"பிள்ளை எப்பிடி இருக்கா? இப்ப வாரவன் எவனும் அவள மாதிரி இல்லே டீச்சர். கேபிள மிதிச்சிட்டுத் திரியுதானுவ."

"அண்ணாச்சி, அன்னைக்குப் பிளக்க நீங்கதானே எடுத்துட்டுப் போனீங்க?"

அவர் கத்தரிக்காயைக் கீழே வைத்தார். "ஆமா. பிள்ளை அதப் பாக்கவே மாட்டேன்னுட்டா."

"திறந்து பாத்தீங்களா?"

"பாத்தேன்." துண்டால் கையைத் துடைத்தார். "பிள்ளை நியூட்ரல்ல ஈயம் வச்சிருக்கா. ஈயத்த ஸ்க்ரூ கடிச்சா நிக்காது டீச்சர். அது மெத்து. அன்னைக்கு டைட்டாத்தான் இருக்கும். ஸ்க்ரூ அமுக்க அமுக்க, சூடு பட பட, நாளாவட்டத்துல உள்ளுக்குள்ளயே நசுங்கி ஒதுங்கிரும். திரும்ப டைட் பண்ணுனாலும் திரும்ப இளகும். சின்னப் பிள்ளை, தெரியாமப் பண்ணிட்டா. சொன்னா மனசு நோவும்னு நான் வாயத் திறக்கலை."

"அவ பண்ணலை அண்ணாச்சி. நான்தான்."

அவர் என்னைப் பார்த்தார். நான் எதிர்பார்த்த எதையும் அவர் சொல்லவில்லை. "அப்ப அவகிட்டச் சொல்லுங்க" என்றார். "திரும்ப டைட் பண்ணியிருந்தாக்கூட அது நின்னிருக்காது. அதையும் சேத்துச் சொல்லுங்க. அந்தப் பிள்ளை எத்தனை மாசமா அதச் சொமந்துட்டுத் திரியுதோ."

திறந்து பார்த்திருந்தால் ஈயத்தைக் கண்டுபிடித்திருப்பாள் என்று எனக்குள் ஒரு குரல் சொன்னது. உண்மைதான். ஆனால் அவளைத் திறக்க விடாமல் செய்ததும் என் பொய்தான். லக் மாட்டியிருக்கிறது என்று நம்பியவள் அவள்.

வீட்டுக்கு வந்து வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினேன். போனில் கூப்பிட்டுச் சொல்லத் தைரியம் இல்லை. மூன்று முறை பேசி அழித்தேன். முதலாவதில் நான் அழுதேன், அது அவளை என்னைத் தேற்ற வைக்கும். இரண்டாவது வகுப்பு எடுப்பதுபோல இருந்தது. மூன்றாவதில் அவள் களைத்து வந்ததையும் சாப்பாட்டையும் காரணமாகச் சொன்னேன். நாலாவதில் நடந்ததை மட்டும் சொன்னேன். லக் குறைந்தது, ஈயம் வைத்தது, டப்பாவில் கிடந்தது என்று பொய் சொன்னது, மண்டபத்தில் வெள்ளித் துளிகளைப் பார்த்தது, ஆஸ்பத்திரியில் வாயை மூடிக்கொண்டது, அவள் வேலையை விட்டபோது உள்ளுக்குள் சந்தோஷப்பட்டது. கடைசியில் இருப்பதைச் சொல்லத்தான் அதிக நேரம் ஆயிற்று.

இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் இல்லை.

அன்று அவள் போன் பண்ணவில்லை. மறுநாளும் இல்லை. அவள் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "அவ என் போன எடுக்குதா. நல்லா இருக்கேன்னு மட்டும் சொல்லுதா. நீ கூப்பிடாதே, விடு" என்றார். நான் கூப்பிடவில்லை. ஒரு வாரம் ஓடியது. பள்ளியில் டிராயரைத் திறந்து திறந்து போனைப் பார்த்தேன். பிள்ளைகள் ஓம் விதி செய்முறைக்கு வயர் முனை பிரிந்திருக்கிறது என்று கொண்டுவந்து நீட்டினார்கள். ஈயக் கம்பியைக் கையில் எடுத்தேன். அந்த வேலைக்கு ஈயம்தான் சரி. எனக்குத் தெரியும். ஆனாலும் அதை உதவியாளரிடம் கொடுத்துவிட்டேன்.

அவள் என்னிடம் இனி பேசாமலே இருந்துவிடுவாளோ என்ற பயம் அந்த நாட்களில் வந்தது. கரண்ட்டுக்குப் பயந்ததெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அவள் கேபிள்மேல் கத்தி வைப்பதை இன்னும் ஒரு முறை பார்த்தால் போதும் என்று இருந்தது. அந்த வேலைக்கே திரும்பிப் போகட்டும், வேனிலேயே ஊர் ஊராகச் சுற்றட்டும், நான் பயந்துகொண்டே இருக்கிறேன் என்று யாரிடமோ பேரம் பேசினேன்.

சனிக்கிழமை காலை. அவள் அப்பா பால் வாங்கப் போயிருந்தார். நான் அடுக்களையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். கதவை யாரோ தட்டினார்கள். பால் வாங்கப் போனவர் சாவியை மறந்துவிட்டார் என்று நினைத்து, ஈரக் கையோடு போய்த் திறந்தேன்.

மகள் நின்றாள். பெங்களூர் பஸ்ஸில் வந்த கசங்கல், தோளில் ஒரு பை. சிரிக்கவில்லை. நான் பேச வாயெடுத்தேன், அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"கோவமாத்தான் இருக்கேன் யம்மா, நெறைய" என்றாள். "போன்ல கோவப்பட்டா நீ சாப்பிடாமக் கெடப்பே. அதான் நேர்ல வச்சுக் கோவப்படலாம்னு மூணு நாள் லீவு சொல்லிட்டு வந்தேன். தள்ளு, பைய உள்ள வைக்கணும்."